ஹோல்டில் இறங்கும் முன் காற்றைப் பார்க்க வேண்டும்

கேள்வி: என் தம்பி மேஸ்திரி மூலமாகக் கப்பலில் நிலக்கரி இறக்கும் வேலைக்குப் போகிறான். போன மாதம் கூட வேலை பார்த்தவர் ஹோல்டு (கப்பலுக்குள் சரக்கு கொட்டி வைக்கும் அறை) ஏணியில் இறங்கும்போதே மயங்கி விழுந்து, பிழைத்ததே பெரும்பாடு. 'கப்பல் வெளிநாட்டுக்காரனுது, நாம என்ன செய்ய' என்கிறார் மேஸ்திரி. சட்டத்தில் இவர்களுக்குப் பாதுகாப்பே இல்லையா?
- ஒரு வாசகி, திருமங்கலம்

பதில்: இருக்கிறது சகோதரி. எந்த நாட்டுக் கொடியோடு வந்த கப்பலானாலும், நம் துறைமுகத்தில் நின்று சரக்கு இறக்கினால் அந்த வேலைக்கு நம் சட்டம்தான். 1986-இல் துறைமுகத் தொழிலாளர் பாதுகாப்புக்கென்றே தனிச் சட்டம் வந்தது, 1990-இல் விதிகள் வந்தன, 2020-இல் நிறைவேறிய தொழில் பாதுகாப்புத் தொகுப்பு அதைத் தன்னுள் சேர்த்துக்கொண்டது. மேஸ்திரி சொல்வது தவறு.

நம் பக்கம் பாழுங்கிணற்றில் தூர் வார இறங்கும் முன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்பார்கள், அணைந்தால் யாரும் இறங்க மாட்டார்கள். ஹோல்டும் அப்படித்தான். மூடிக் கிடக்கும் நாட்களில் நிலக்கரி உள்ளே இருக்கும் ஆக்சிஜனை உறிஞ்சிவிடும், மரக்கட்டை ஏற்றி வந்த கப்பலிலும் இதே கதைதான். வெளிக்காற்றில் 21 சதவீதம் இருப்பது உள்ளே எவ்வளவு குறைந்திருக்கிறது என்று கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. ஆனால் இங்கே விளக்கு கூடவே கூடாது, நிலக்கரியிலிருந்து மீத்தேன் வரும், தீப்பிடித்து வெடிக்கும். வாயு அளக்கும் மீட்டரால்தான் பார்க்க வேண்டும். அப்புறம், விழுந்தவரைத் தூக்க மூச்சுக்கருவி இல்லாமல் இன்னொருவர் இறங்கினால் அவரும் விழுவார், இதைத் தம்பியிடம் அழுத்திச் சொல்லுங்கள்.

எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். உயிருக்கு ஆபத்து என்று பட்டால் முதலாளியிடமும் ஆய்வாளரிடமும் சொல்லலாம், முதலாளி உடனே சரிசெய்ய வேண்டும் என்கிறது புதிய தொகுப்பு. சரி செய்யும்வரை இறங்காமல் மேலேயே நிற்கலாம், அன்றைய கூலி போகாது என்று பச்சையாக எழுதியிருக்க வேண்டாமா? 'இறங்கலைன்னா நாளைக்கு வராதே' என்று சொல்லும் இடத்தில் புகார் கொடுக்கும் உரிமை மட்டும் என்ன செய்யும்?

இப்போதைக்கு, தம்பியைப் பணி நியமனக் கடிதம் கேட்கச் சொல்லுங்கள், அது அவன் உரிமை. கிடைக்கும்வரை கூலிச் சீட்டு, துறைமுக நுழைவுச் சீட்டு எல்லாவற்றையும் செல்போனில் படம் எடுத்து உங்களுக்கு அனுப்பி வைக்கட்டும். அடிபட்டால் ஒப்பந்தக்காரர் கைவிரித்தாலும், வேலையைக் கொடுத்த நிறுவனத்திடம் இழப்பீடு கேட்க அதுதான் சாட்சி. பெரிய துறைமுகங்களில் மத்திய அரசின் பாதுகாப்பு ஆய்வாளர்கள் உண்டு, மயங்கி விழுந்த சம்பவத்தைத் தேதியோடு தொழிற்சங்கம் மூலம் அவர்களுக்கு எழுத்தில் கொடுங்கள். அவன் கூட்டத்தில் யார் கையிலாவது மீட்டர் இருக்கிறதா என்று இன்று ராத்திரியே போனில் கேட்டுவிடுங்கள்.