சுத்தியலால் தட்டினால் ரயில் பெட்டியின் ஒரு சக்கரம் மட்டும் மந்தமாக ஒலிக்கிறதா?

அந்தப் பெட்டியை இப்போதைக்கு ஓட்டாதீர்கள். மற்ற 7 சக்கரங்களும் கணீரென்று ஒலித்து, ஒன்று மட்டும் 'டொக்' என்கிறது என்றால், அதன் இரும்பு டயர், அதாவது சக்கரத்தைச் சுற்றி மாட்டிய வளையம், தளர்ந்திருக்க வாய்ப்பு அதிகம்.

பழைய சக்கரங்களில் டயரைச் சூடாக்கி விரித்து, சக்கரத்தின் மேல் மாட்டுவார்கள்; ஆறிச் சுருங்கும்போது கவ்விக்கொள்ளும். பிரேக் கட்டை விடாமல் உரசிக்கொண்டே ஓடினால் டயர் மறுபடி சூடாகிப் பிடி விட்டுப்போகும். லேத்தில் பலமுறை கடைந்து மெலிந்த டயர் என்றால் இன்னும் சீக்கிரம்.

முதலில் பிரேக்கை முழுசாக விடுவித்துவிட்டுத் தட்டுங்கள். கட்டை சக்கரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தாலும் ஒலி அமுங்கும், பாதிப் பேர் இதைப் பார்ப்பதில்லை. அப்புறம் டயரும் சக்கரமும் சேரும் இடத்தைத் துடைத்துப் பாருங்கள். குறுக்கே போட்ட பெயின்ட் கோடு விலகியிருந்தால் டயர் சுழன்றிருக்கிறது, சந்தேகமே வேண்டாம். அந்த இடுக்கில் துருப்பொடி கசிந்திருப்பதும் கெட்ட அறிகுறிதான்.

ஒன்று மட்டும்: கணீரென்ற ஒலி விரிசல் இல்லை என்பதற்குச் சான்று ஆகாது. அதற்கு அல்ட்ராசோனிக் (காதுக்குக் கேளாத ஒலி அலை) சோதனைதான். 1874-ல் இங்கிலாந்தின் ஷிப்டன்-ஆன்-செர்வெல் விபத்தில் 34 பேர் இறந்தார்கள். தொடக்கம் ஒரு பெட்டியின் டயர் உடைந்தது.