அறுபதுகளின் பாணி பி-பேஸுக்கு எந்த பிக்கப் மாற்றுவது?

1960களின் பாணியில் செய்த பிரிசிஷன் பேஸ் (ஃபெண்டர் கொண்டுவந்த பேஸ் கிட்டார் மாடல், சுருக்கமாக பி-பேஸ்) வாங்கியிருக்கிறீர்கள், நாலு ஸ்ட்ரிங், பேட்டரி இல்லாதது. சத்தம் தட்டையாக, உயிரில்லாமல் இருக்கிறது, பிக்கப்பை (ஸ்ட்ரிங்கின் அதிர்வை மின்சாரமாக மாற்றுகிற, காந்தமும் கம்பிச் சுருளும் கொண்ட பாகம்) மாற்றினால் பழைய ரெக்கார்டுகளில் கேட்கிற அந்தச் சத்தம் வந்துவிடுமா, எதை வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆல்னிகோ 5 (அலுமினியம், நிக்கல், கோபால்ட் சேர்ந்த கலப்பு உலோகம்) காந்தம், 42 கேஜ் (கம்பியின் தடிமன் அளவு) கம்பி, பிக்கப்பின் இரண்டு பாதியும் சேர்த்து மின்தடை 10லிருந்து 11 கிலோ ஓம் வரை. இந்த மூன்றும் பொருந்துகிற எதை வாங்கினாலும் பெரிதாகத் தப்பாது. ஆனால் காசை எடுப்பதற்கு முன் ஸ்ட்ரிங்கை மாற்றிப் பாருங்கள். இதை நான் தலைகீழாகச் செய்து பணம் விட்டவன், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பதும் உங்களுடையதைப் போன்றதுதான், பழைய மாடலைப் பார்த்து இப்போது செய்தது. ஒத்திகை அறையில் டிரம்ஸுக்கு நடுவே என் பேஸ் காணாமல் போகிறது என்று எனக்கு ஒரே குறை. சரி, பலமான பிக்கப் போட்டால் தீர்ந்தது என்று செராமிக் காந்தம் வைத்த, ஏகப்பட்ட சுற்று சுற்றிய ஒன்றை வாங்கி மாட்டினேன். வீட்டில் தனியாக வாசித்தபோது பிரமாதம், ஒரு வாரம் அதே சந்தோஷத்தில் திரிந்தேன். குழுவோடு வாசித்த அன்றைக்கு ஆம்ப் முதல் பாட்டிலேயே கரகரக்கத் தொடங்கியது, பேஸில் வால்யூமைக் குறைத்தால் சத்தத்தோடு மேல் ஓசைகளும் சேர்ந்து மங்கிவிட்டன, விரலை மெதுவாக வைத்தாலும் அழுத்தி வைத்தாலும் ஏறக்குறைய ஒரே சத்தம். டிரம்ஸ் வாசிப்பவர் "என்னப்பா, பேஸ் கோபமா இருக்கு" என்றார். நான் தேடியது கோபம் இல்லை.

தப்பு பிக்கப்பில் இல்லை. எதற்காகச் செய்தார்களோ அந்த வேலையை அது ஒழுங்காகத்தான் செய்தது. செம்புக் கம்பியை அதிகம் சுற்றச் சுற்ற சத்தம் கூடும், நடு ஓசைகள் முன்னால் வரும், மேல் ஓசைகள் குறையும். ஹார்டு ராக் வாசிப்பவருக்கு அது வரம். பழைய சத்தம் வேண்டும் என்பவர் எதிர்த் திசையில் போக வேண்டும்.

அந்தப் பழைய சத்தம் எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் பார்த்துவிடலாம், வாங்கும்போது உதவும். ஃபெண்டர் 1951ல் பிரிசிஷன் பேஸை வெளியிட்டபோது அதில் இருந்தது ஒரே சுருள், ஒவ்வொரு ஸ்ட்ரிங்குக்கும் நேர் கீழே ஒரே ஒரு காந்தத் துண்டு. 1957ல் அதை இரண்டாக வெட்டி, ஒன்றை முன்னும் மற்றதைப் பின்னும் தள்ளி வைத்தார்கள். இன்றைக்கு பி-பேஸ் என்றதும் கண்ணுக்கு வருகிற அந்த ஏறுமாறான வடிவம் அப்போது வந்ததுதான். ஒரு பாதி ஈ, ஏ ஸ்ட்ரிங்குகளுக்கு, மற்றது டி, ஜி ஸ்ட்ரிங்குகளுக்கு. ஒவ்வொரு ஸ்ட்ரிங்குக்கும் இரண்டு காந்தத் துண்டுகள், ஸ்ட்ரிங் அவற்றின் நடுவே ஓடும். இதனால் விரல் பட்டதும் வருகிற முதல் அடி கொஞ்சம் மழுங்கி, உருண்டையாகக் கேட்கும். இரண்டு பாதிகளின் காந்தமும் சுற்றும் ஒன்றுக்கொன்று எதிராக இருப்பதால் கரண்ட்டிலிருந்து வருகிற 'ம்ம்ம்' என்ற இரைச்சலும் பெரும்பாலும் அடங்கிவிடும். உங்கள் பேஸில் இருப்பது இந்த வகை.

அந்தக் காலத்துச் சத்தம் என்றால் பலருக்கும் முதலில் ஞாபகம் வருவது மோட்டவுன் என்ற அமெரிக்க இசைக் கம்பெனியின் ரெக்கார்டுகளில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன். அவர் கையில் இருந்தது 1962 பிரிசிஷன், மேலே லா பெல்லா கம்பெனியின் தடிமனான ஃபிளாட்வவுண்ட் (தட்டைக் கம்பி சுற்றிய, வழவழப்பான) ஸ்ட்ரிங்குகள், பிரிட்ஜ் (உடம்புப் பக்கம் ஸ்ட்ரிங்குகளைத் தாங்குகிற பாகம்) மூடிக்குக் கீழே ஒரு ஸ்பாஞ்சுத் துண்டு. ஸ்ட்ரிங் மாற்றுகிற பழக்கமே அவருக்குக் கிடையாது. வலது கையில் ஒரே ஒரு விரலால் வாசித்தார். இதில் பிக்கப்பின் பங்கு எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கடையிலிருந்து வந்த பளபளக்கும் ரவுண்ட்வவுண்ட் (உருண்டைக் கம்பி சுற்றிய) ஸ்ட்ரிங்குகளை அப்படியே வைத்துக்கொண்டு எந்தப் பிக்கப்பைப் போட்டாலும் அந்தச் சத்தம் வராது.

அதனால் முதல் செலவு ஒரு செட் ஃபிளாட்வவுண்ட். விலை சாதாரண ஸ்ட்ரிங்கைவிட அதிகம், ஆனால் வருடக்கணக்கில் ஓடும், பழையதாக ஆக இன்னும் நன்றாக இருக்கும். தடிமனான செட் என்றால் கழுத்தில் இழுவிசை கூடும், டிரஸ் ராடை (கழுத்துக்குள் இருந்து அதன் வளைவைச் சரிசெய்கிற இரும்புக் கம்பி) கொஞ்சம் திருப்ப வேண்டி வரலாம். ஸ்பாஞ்சு வேண்டுமானால் பாத்திரம் தேய்க்கிற புது ஸ்பாஞ்சில் ஒரு துண்டு வெட்டி பிரிட்ஜுக்குப் பக்கத்தில் ஸ்ட்ரிங்குக்குக் கீழே செருகுங்கள், அது போதும்.

அடுத்தது பிக்கப்பின் உயரம். இதற்குப் பைசா செலவில்லை, ஆனால் யாரும் செய்வதில்லை. கடைசி ஃப்ரெட்டில் ஸ்ட்ரிங்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு காந்தத் துண்டுக்கும் ஸ்ட்ரிங்குக்கும் நடுவே இடைவெளியைப் பாருங்கள். ஜி பக்கம் 3 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகவும் ஈ பக்கம் அதைவிடக் கொஞ்சம் அதிகமாகவும் வைத்துத் தொடங்கலாம், அதன் பிறகு காதுதான் அளவு. இரண்டு பாதிகளுக்கும் தனித்தனித் திருகு உண்டு. ரொம்ப நெருக்கினால் காந்தம் ஸ்ட்ரிங்கைப் பிடித்து இழுத்து, மேல் ஃப்ரெட்டுகளில் சுதி ஆடுகிற மாதிரி கேட்கும். திருகைத் தளர்த்தியும் பிக்கப் மேலே வரவில்லை என்றால் கீழே இருக்கிற ஃபோம் செத்துப் போயிருக்கும், புதுத் துண்டு வையுங்கள். என் பேஸில் டி, ஜி பாதி அப்படித்தான் உள்ளே அமுங்கிக் கிடந்திருக்கிறது. டிரம்ஸில் காணாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம் என்று பின்னால்தான் தெரிந்தது, அதற்குள் புது பிக்கப்புக்குக் காசு கொடுத்தாகிவிட்டது.

பிறகு உள்ளே இருக்கிற பாட் (வால்யூம், டோன் குமிழ்களுக்குக் கீழே இருக்கிற மாறும் மின்தடை), டோனுக்கான கெபாசிட்டர். பாட் இரண்டும் 250 கிலோ ஓம் இருக்க வேண்டும். மேலே எழுதியிருப்பதை நம்பாமல் மல்டிமீட்டரில் பாருங்கள், மலிவான பாட்களில் எண் ஒன்று இருக்கும், அளவு வேறு இருக்கும். கெபாசிட்டர் அறுபதுகளின் தொடக்கத்து மாடலில் 0.1 மைக்ரோ ஃபாரட், இப்போதெல்லாம் 0.047 அல்லது 0.05 போடுகிறார்கள். டோன் குமிழைக் குறைத்து வாசித்தால்தான் வித்தியாசம் தெரியும், முழுக்கத் திறந்து வாசிப்பவர் இதற்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். பழைய காலத்து எண்ணெய்க் காகிதக் கெபாசிட்டர் என்று ஆயிரக்கணக்கில் விற்கிறார்கள், அந்தக் காசுக்கு நல்ல ஸ்ட்ரிங் வாங்கலாம்.

இவ்வளவும் செய்து ஒரு மாதம் வாசித்த பிறகும் மனசு ஆறவில்லையா, அப்போது பிக்கப் வாங்குங்கள்.

எண்களை எப்படிப் படிப்பது என்று சொல்கிறேன். விற்பவர்கள் கிலோ ஓம் கணக்கை முன்னால் நிறுத்துவார்கள், அது பிக்கப்பின் சத்த அளவு இல்லை, சுற்றிய கம்பியின் மின்தடை மட்டும்தான். 42 கேஜில் சுற்றிய 10.5க்கும், அதைவிட மெல்லிய 43 கேஜில் சுற்றிய 10.5க்கும் சம்பந்தமே இல்லை, மெல்லிய கம்பியில் குறைந்த சுற்றிலேயே அந்த எண் வந்துவிடும். இன்னொன்று, வெயில். செம்பின் மின்தடை ஒரு டிகிரி செல்சியஸுக்குக் கிட்டத்தட்ட 0.4 சதவீதம் கூடும். 20 டிகிரியில் 10.5 காட்டுகிற பிக்கப், சென்னையின் மே மாதத்தில் 38 டிகிரி அறையில் 11.2 காட்டும். எண் பெட்டியில் போட்டிருப்பதோடு ஒத்துப்போகவில்லை என்று விற்றவரோடு சண்டைக்குப் போய்விடாதீர்கள் (நான் மின்னஞ்சல் எழுதி, அனுப்புவதற்கு முன் ஏசி அறையில் வைத்து அளந்து பார்த்து, அழித்துவிட்டேன்).

எந்த மாதிரி என்றால், சீமோர் டங்கனின் எஸ்பிபி-1, ஃபெண்டரே விற்கிற பியூர் விண்டேஜ் 63, லிண்டி ஃப்ராலின் செய்கிற பி-பேஸ் பிக்கப், இந்த மூன்றும் நீங்கள் கேட்கிற திசையில் இருப்பவை. இவற்றுக்குள் இருக்கிற வித்தியாசம், உங்கள் ஸ்ட்ரிங் புதிதா பழையதா என்பதைவிடக் குறைவு. கையில் நியாயமான விலைக்கு எது வந்து சேர்கிறதோ அதை எடுங்கள், வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்க வரியையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். ஃப்ராலினில் ஐந்து சதவீதம் கூடுதலாகச் சுற்றியதும் கிடைக்கும், குழுவில் கிட்டார் இரண்டு இருந்தால் அதை யோசிக்கலாம். டிமார்சியோ மாடல் பி, சீமோர் டங்கனின் குவார்ட்டர் பவுண்ட் இரண்டும் நல்ல பிக்கப்கள்தான், ஆனால் அவை பலத்துக்காகச் செய்தவை. குவார்ட்டர் பவுண்டுக்கு அந்தப் பெயரே கால் அங்குலக் காந்தத் துண்டுகளால் வந்தது. ஈஎம்ஜி ஆக்டிவ் வகை என்றால் 9 வோல்ட் பேட்டரிக்கு இடம் பார்க்க வேண்டும், பாட்களையும் 25 கிலோ ஓமுக்கு மாற்ற வேண்டும், பழைய பாணிக்கு அந்தப் பாடு எதற்கு.

இதைப் படிக்கிற வேறு யாரிடமாவது ஜாஸ் பேஸ் (இரண்டு பிக்கப் வைத்த ஃபெண்டரின் இன்னொரு மாடல்) இருந்தால் ஒரு எச்சரிக்கை. அதில் பிரிட்ஜ் பக்கத்துப் பிக்கப், கழுத்துப் பக்கத்ததைவிடச் சுமார் 3 மில்லிமீட்டர் நீளம். சில விலை குறைந்த பேஸ்களில் இரண்டும் ஒரே நீளம். அளக்காமல் வாங்கினால் மரத்தை அறுக்க வேண்டியதாகிவிடும். ஒன்றை மட்டும் மாற்றினால் மற்றதோடு காந்தமும் சுற்றும் பொருந்தாமல், இரண்டையும் திறக்கும்போது இரைச்சல் வரலாம், அல்லது சத்தம் ஒல்லியாகிவிடலாம். ஜோடியாக வாங்குவது நல்லது.

மாட்டுவது கஷ்டமில்லை, சால்டரிங் தெரிந்தால் அரை மணி நேரம். கழற்றுவதற்கு முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டின் முதுகில் எர்த் ஒயரை ஒட்டும் இடத்தில்தான் சூடு பத்தாமல் பலர் திணறுவார்கள், 40 வாட் அயர்ன் வையுங்கள், பாட்டின் முதுகை உப்புத்தாளில் லேசாகத் தேய்த்துவிட்டு ஒட்டுங்கள். முக்கியமான ஒன்று: இரண்டு பாதிகளில் ஒன்றைத் தலைகீழாக இணைத்துவிட்டால் சத்தத்தில் தப்பு தெரியாது, ஒவ்வொரு ஸ்ட்ரிங்கும் ஒரே ஒரு பாதி மேல்தானே ஓடுகிறது. ஆனால் இரைச்சல் அடங்குவதற்குப் பதிலாகக் கூடிவிடும். புது பிக்கப் 'ம்ம்ம்' என்கிறது என்று திருப்பி அனுப்ப நினைப்பவர்கள் முதலில் அந்தப் பாதியின் இரண்டு ஒயர்களையும் இடம் மாற்றி ஒட்டிப் பாருங்கள். ஸ்ட்ரிங்கைத் தொட்டதும் இரைச்சல் குறைந்தால் பிரிட்ஜ் எர்த் சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

என் கதையின் மிச்சம்: செராமிக்கை ஒரு மெட்டல் குழுப் பையனுக்குப் பாதி விலைக்கு விற்றேன், அவன் இன்றைக்கும் சந்தோஷமாக இருக்கிறான். ஃபிளாட்வவுண்ட் போட்டு, ஃபோம் மாற்றி, பழைய பிக்கப்போடு ஆறு மாதம் ஓட்டினேன், பிறகுதான் எஸ்பிபி-1 வாங்கினேன். இரண்டையும் பதிவு செய்து எங்கள் கீபோர்டுக்காரரிடம் எது எது என்று சொல்லாமல் போட்டுக் காட்டியதில், டோனை முழுக்கத் திறந்த இடத்தில் புதியதைச் சரியாகக் கண்டுபிடித்தார், மூடிய இடத்தில் பழையதுதான் நன்றாக இருக்கிறது என்றார். பழையது இப்போது ஒரு பிஸ்கட் டப்பாவில் திருகுகளோடு இருக்கிறது, உங்களுடையதையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், பேஸை விற்கிற அன்றைக்கு வாங்குபவர் அதைத்தான் முதலில் கேட்பார்.