வாசகர் கேள்வி – பதில்: மண் சுவரும் பழைய நிலைக்கதவும்

கேள்வி: மண் கற்களையும், இடித்த வீடுகளிலிருந்து கிடைக்கும் பழைய பொருட்களையும் கொண்டு சிறிய வீடு ஒன்று கட்ட எண்ணுகிறேன். செலவு பாதியாகக் குறையும் என்கிறார்கள்; மழைக்குத் தாங்காது என்றும் சொல்கிறார்கள். எதை நம்புவது?

பதில்: இரண்டையும் அப்படியே நம்ப வேண்டாம். மொத்தச் செலவில் சுவர் ஒரு பங்குதான். அஸ்திவாரம், கூரை, மின்சாரம், குழாய் வேலை ஆகியவற்றின் செலவு மண்ணால் சுவர் எழுப்பினாலும் அப்படியே நிற்கும். பழைய பொருளில் மிச்சமாகும் பணத்திலும் ஒரு பகுதி, ஆணி பிடுங்கவும் கல் சுத்தம் செய்யவும் கூலியாகப் போய்விடும். வரைபடம் போட்ட பிறகு அதற்கேற்ற கதவைத் தேடி அலைபவர்கள், கடைசியில் நிலையை அறுத்தோ சுவரை இடித்தோ ஒட்டவைப்பதில் மிச்சம் பிடித்ததை இழந்துவிடுகிறார்கள். நிலை, ஜன்னல், ஓடு அனைத்தையும் முதலில் வாங்கி, அளந்து, நனையாமல் அடுக்கி வைத்துவிட்டு, அந்த அளவுகளுக்கே வரைபடம் போடச் சொல்லுங்கள்.

மண் சுவரைப் பெரிதும் கெடுப்பது தரையில் பட்டுத் தெறிக்கும் நீரும் அடியிலிருந்து ஏறும் ஈரமும்தான். ஆகவே, தரைமட்டத்திலிருந்து ஒன்றரை அடி உயரத்துக்காவது கல்லாலோ சுட்ட செங்கல்லாலோ கட்டி, கூரையைச் சுவருக்கு வெளியே இரண்டடி நீட்டுங்கள். வெறும் மண் சுவரின் மேல் சிமென்ட் பூசுவது பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். அது ஈரத்தை உள்ளேயே அடைத்துவைத்து, நாளடைவில் பாளமாகப் பெயர்ந்து விழும். சுண்ணாம்புப் பூச்சே பொருத்தம்.

உங்கள் மனையின் மண் உதவுமா என்பதை வீட்டிலேயே பார்க்கலாம். மேல்மண்ணை நீக்கிவிட்டு, அடிமண்ணைக் கண்ணாடி ஜாடியில் மூன்றில் ஒரு பங்கு இட்டு, நீர் நிரப்பி, சிட்டிகை உப்புச் சேர்த்து, நன்றாகக் குலுக்கி அசையாமல் வையுங்கள். மணல் ஓரிரு நிமிடங்களில் அடியில் தங்கும். அதன்மேல் வண்டல் சில மணி நேரத்தில் படியும். களிமண் தெளிய ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். களிமண் அடுக்கு மிகத் தடித்திருந்தால் கல் காயும்போது வெடிக்கும். மணல் சேர்க்க வேண்டும். பொதுவாக 5 முதல் 8 சதவீதம் சிமென்ட் கலந்து அழுத்திய கற்களைச் சூளையில் சுட வேண்டியதில்லை. ஆனால், அவற்றை மூன்று, நான்கு வாரங்கள் நீர் தெளித்து ஈரமாக வைத்துப் பதப்படுத்தாமல் சுவரில் ஏற்றக் கூடாது.

கேள்வி: பழைய பொருட்களில் எவற்றைத் தவிர்க்க வேண்டும்?

பதில்: ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். துருப்பிடித்து வளைந்த கம்பியைக் கூரையிலும் உத்திரத்திலும் போடாதீர்கள். செங்கல்லில் ஒட்டியிருக்கும் சாந்தைச் சுரண்டிப் பாருங்கள். சுண்ணாம்பானால் கல் முழுதாகக் கழன்று வரும், சிமென்ட் என்றால் பெரும்பாலும் கல்லே உடையும். பழைய கதவின் பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால், அதை உலர்வாக உப்புத்தாள் போட்டுத் தேய்க்கக் கூடாது. நிலையை வாங்குமுன் தரையில் ஊன்றியிருந்த அடிப்பகுதியைத் திருப்புளியால் குத்திப் பாருங்கள். கரையான் முதலில் ஏறுவது பெரும்பாலும் அங்கேதான்.