வானம் எப்படி வனம் ஆச்சு?

அண்ணா வணக்கமுங்க,

நாங்க நாலு பேரு, கோயம்புத்தூர். ரெண்டு வருஷமா ஒரு ராக் பேண்ட் வச்சிருக்கோம். கஃபேலயும் காலேஜ் கல்ச்சுரல்ஸ்லயும் இங்கிலீஷ் கவர்தான், அதாவது மத்த பேண்டோட பாட்டத்தான் வாசிப்போம், நல்லாவே கைதட்டுவாங்க. போன மாசம் சொந்தமா எழுதுன மூணு தமிழ் பாட்ட வாசிச்சோம். முதல் பாட்டுலயே பாதிப் பேரு ஃபோன எடுத்துட்டாங்க, மூணாவது முடியறதுக்குள்ள ஒருத்தரு எந்திரிச்சு "தம்பி, ரஹ்மான் பாட்டு ஏதாச்சும் போடுங்க"ன்னுட்டாரு. எங்களுக்குன்னு ஒரு சவுண்ட எப்படிங்ணா புடிக்கறது? சினிமா இல்லாத தமிழ் பாட்டுக்கு ஆளு வருமா? ரெக்கார்டிங் அனுப்பியிருக்கேன்.

ர.

அன்புள்ள ர.,

ரஹ்மான் பாட்டு கேட்டவர் மேல கோவப்படாதீங்க. அவரு காபி குடிக்க வந்தவரு.

ரெக்கார்டிங்க நாலு தடவ கேட்டேன். கிடார் நல்லா இருக்கு, ட்ரம்ஸ் வாசிக்கிற தம்பி கெட்டிக்காரரு. பாடுறவர்கிட்டதான் சிக்கல், குரல்ல இல்ல, வாயில. ரெண்டு வருஷம் இங்கிலீஷ் கவரே பாடிப் பாடி வாய் அப்படியே பழகிருச்சு, பீட் எங்க விழுதோ அங்க ஒரு அழுத்து அழுத்திட்டு மிச்சத்த முழுங்கிடுறாரு. இங்கிலீஷ்ல அது செல்லும், அந்த பாஷை ஓடுறதே அழுத்தத்துல. நம்மளுது குறில் நெடில்ல ஓடுறது, ஒரு மாத்திரை கொறஞ்சா வேற வார்த்தை. ரெண்டாவது பாட்டுல நீங்க "வானம்"னு எழுதியிருக்கீங்க, என் காதுல "வனம்"னு விழுந்துச்சு, நான் மூணு தடவ அத காட்டப் பத்தின பாட்டுன்னே நெனச்சுட்டு இருந்தேன். என்ன பாடுறாங்கன்னே புரியலன்னா ஆளுங்க ஃபோன எடுக்காம என்ன செய்வாங்க?

உங்களுக்கு வாளையார் தாண்டினா கேரளா. அங்க அவியல்னு ஒரு மலையாள ராக் பேண்ட், 2003-ல கிளம்பினவங்க, முதல் ஆல்பம் வந்தது 2008-ல, மொத்தம் எட்டே பாட்டு. அஞ்சு வருஷத்துக்கு எட்டு பாட்டு, நீங்க ரெண்டு வருஷத்துல மூணு பண்ணிருக்கீங்க, அதனால ரொம்ப பதறாதீங்க. அதுல "ஆடு பாம்பே"ன்னு ஒண்ணு, வரிகள் கேரளத்துத் துறவி நாராயண குரு எழுதுன குண்டலினிப் பாட்டுலருந்து எடுத்தது. நம்ம பாம்பாட்டிச் சித்தர் பாட்டும் அதே "ஆடு பாம்பே"ல வந்துதான் முடியும். ஆ, டு, பாம், பே. நெடில் குறில் நெடில் நெடில், சும்மா தொடையில தட்டிட்டே சொல்லிப் பாருங்க, ட்ரம்மருக்கு வேலை பாதி முடிஞ்சிருக்கும். என் காதுக்கு அவங்க கிடாரத்தான் வரிக்கு வளைச்சிருக்காங்க, வரிய கிடாருக்கு வளைக்கல.

ஆளு வருமான்னு கேட்டீங்க. 2018 ஜனவரி 6, சென்னை கீழ்ப்பாக்கத்துல ஒரு மைதானம், காஸ்ட்லெஸ் கலெக்டிவ்ங்கற பேண்டோட முதல் கச்சேரி. டைரக்டர் பா. இரஞ்சித் ஆரம்பிச்சு வச்சது, இசைக்கு டென்மா, மேடையில 19 பேரு, கானா பாடுறவங்க, ராப் பாடுறவங்க, பறை, சட்டி, கட்ட மோளம், அது பக்கத்துல எலெக்ட்ரிக் கிடார். ஆயிரக்கணக்குல வந்தாங்க. அதுல ராக் கேக்குறவங்க எத்தன பேரு இருந்திருப்பாங்கன்னு நெனைக்கிறீங்க? பாட்டு இட ஒதுக்கீட்டப் பத்தி, மாட்டுக்கறியப் பத்தி, கீழ நின்னவங்களுக்கு அதெல்லாம் வீட்டு விஷயம். கானாவும் அவங்க தெருக்கள்ல சாவு வீட்லருந்து கல்யாண வீடு வரைக்கும் முன்னாடியே பாடிட்டு இருந்ததுதான். சினிமாவா இல்லையான்னு அங்க யாரும் கேக்கல.

இதப் படிச்சுட்டு நாளைக்கே ஒரு ஜமாப் மேள செட்ட கூட்டிட்டு வந்து கிடாருக்குப் பக்கத்துல நிறுத்திராதீங்க தம்பி. அந்த மாதிரி ஃப்யூஷன் நெறைய கேட்டாச்சு, ரசத்துல சீஸ் துருவிப் போட்ட மாதிரி ரெண்டும் கெட்டுப் போயிருக்கும். உங்க மூணு பாட்டுலயும் மழை, வானம், தனிமை. கோயம்புத்தூரே இல்ல. மூணாவதுல மட்டும் ராத்திரி ஷிஃப்ட் முடிச்சு மில்லுலருந்து வர்ற அப்பாவப் பத்தி ஒரு வரி வருது, பாடகரும் அந்த ஒரு வரிய மட்டும் முழுங்காம பாடியிருக்காரு, கவனிச்சீங்களா?

கஃபேய விட்ருங்கன்னு சொல்லல, வாடகைக்கு ஆகும். கவர் வாசிங்க, நடுவுல அந்தப் பாட்ட மட்டும் வைங்க. அப்புறம் உங்க ஏரியா மாரியம்மன் நோம்பில ஆர்கெஸ்ட்ரா ஏறுறதுக்கு முன்னாடி அரை மணி நேரம் கமிட்டிகிட்ட கேட்டுப் பாருங்க. அடுத்த ரெக்கார்டிங்ல ட்ரம்ஸ கொஞ்சம் கொறச்சு வைங்க, அந்த அப்பா வர்ற வரி நல்லா காதுல விழணும்.