நோட்டுகளை எடைக்குப் போடாதீர்கள்

கேள்வி: அம்மா, என் கணவர் 108 ஆம்புலன்ஸில் மருத்துவ உதவியாளராக இருந்தார். லீவு நாளிலும் சங்கம், மனு, கலெக்டர் ஆபீஸ் என்றே அலைவார். அவர் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. பரண்மேல் ஒரு பெட்டி நிறைய அவருடைய சங்க நோட்டுகள். என்ன செய்வது?
- ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்: கோபம் நியாயம்தான் தங்கச்சி. லீவு நாள் உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் சேர வேண்டியது. ஆனாலும் அந்த நோட்டுகளை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

நான் வேலூர்ப் பக்கம் அரசு மருத்துவமனை அவசரப் பிரிவில் பல வருடம் செவிலியராக இருந்தவள். தமிழ்நாட்டில் 108 ஓடத் தொடங்கியது 2008 செப்டம்பரில். அதற்கு முன்னால், மலைக்கிராமத்தில் பாம்பு கடித்தவரை டோலி கட்டி இறக்கி, கிடைத்த வண்டியில் போட்டுக்கொண்டு வருவார்கள். அப்புறம் ஆம்புலன்ஸ் வந்தது, ஆக்சிஜன் வந்தது, கூடவே சிகிச்சை தெரிந்த ஓர் ஆளும் வந்தார். அந்த ஆளுக்கு 12 மணி நேர டூட்டி. இரவு எட்டுக்கு முடிய வேண்டும். ஏழே முக்காலுக்கு ஒடுகத்தூரிலிருந்து அழைப்பு வந்தால் வீடு போய்ச் சேரப் பதினொன்று ஆகிவிடும்.

அப்படி ஒரு தம்பி எங்களிடம் வருவார். நோயாளியை ஒப்படைத்து, கையெழுத்து வாங்கி, ஸ்ட்ரெச்சரில் படிந்த ரத்தத்தைக் கழுவிவிட்டு, அடுத்த அழைப்பு வரும்வரை டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து மனு எழுதுவார். எட்டு மணி நேர வேலை, இரவு டூட்டிப் பெண்களுக்குக் கழிப்பறை, கேட்காமலே வெளியூருக்குத் தூக்கியடித்த ஒருவருடைய மாறுதல். திங்கட்கிழமையானால் சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸில் குறைதீர் கூட்டம். எட்டு மணி நேர வேலை கேட்டுப் பிறந்த மே தினத்தைத் தொழிற்சங்கத் தலைவர் சிங்காரவேலர் சென்னையில் கொண்டாடியது 1923-இல். இவர்கள் இன்னும் அந்த எட்டு மணி நேரத்தைத்தான் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

“ஒருநாளாவது வீட்டில் இருக்கக் கூடாதா தம்பி?” என்று நானே கடிந்திருக்கிறேன். “பதினோராவது மணி நேரத்துல கை நடுங்குது சிஸ்டர். ஓடுற வண்டியில நரம்பு கிடைக்க மாட்டேங்குது” என்றார். அதன்பிறகு நான் கடிந்துகொள்ளவில்லை. டீக்குக் காசு மட்டும் கொடுத்துவிட்டு வருவேன்.

சரி, பெட்டிக்கு வருவோம். தொழிலாளர் துறைக் கடிதங்கள், பேச்சுவார்த்தை ஒப்பந்த நகல்கள் இருந்தால் தனியாக எடுத்து, ஒரு நகலைச் சங்கத்தில் கொடுங்கள். யாருடைய வழக்குக்காவது இப்போதும் தேவைப்படும். அவர் கையெழுத்திலுள்ள நோட்டுகள் உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும். பிள்ளைகள் ஒருநாள் கேட்பார்கள்.

திதிக்கு அவரோடு வேலை பார்த்தவர்களையும் கூப்பிடுங்கள். பகல் டூட்டிக்காரர்களால் மதியம் வர முடியாது. அவர்களுக்கு இரவு எட்டரைக்கு மேல் இலை போடுங்கள். யூனிஃபார்மோடுதான் வருவார்கள்.