பாலைவனத்தில் ஓட்டப் பழக வண்டியை மாற்றியமைக்க வேண்டுமா?

புதிதாக ஒரு டொயோட்டா பிராடோ வாங்கியிருக்கிறேன், மணலில் இறக்குமுன் வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட், பெரிய டயர் எல்லாம் போட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். நான்கு சக்கரத்துக்கும் விசை போகும் ஃபோர் வீல் டிரைவும், மெதுவாக ஆனால் அதிக இழுவிசையோடு ஓட்டும் ஃபோர் லோ கியரும் இருந்தால், கம்பெனியிலிருந்து வந்தபடியே இறக்கலாம்.

நான் ஷார்ஜாவில் இருக்கிறேன். முதன்முதலில் ஹத்தா சாலையோரம் அல் படாயர் மணலில் இறங்கியபோது, சாலையில் ஓடுவதற்கான டயர் காற்றழுத்தமான 35 பிஎஸ்ஐயில் கொஞ்சம்தான் குறைத்திருந்தேன். கால் மணி நேரத்தில் புதைந்தேன். ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்கச் சக்கரம் குழி தோண்டியது, வயிறு மணலில் உட்கார்ந்துவிட்டது. கூட வந்தவர் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டது ஒரே கேள்வி: "காத்து எவ்வளவுண்ணே வச்சிருக்கீங்க?" பதினைந்துக்கு இறக்கினோம், சக்கரத்துக்குப் பின்னால் மணலை வாரினோம், வண்டி தானாகவே பின்னால் நகர்ந்து வந்தது. ஒரு திர்ஹாம் செலவில்லை.

காற்று குறைந்தால் டயர் நீளவாக்கில் படிந்து, எடை பரவி, மணலைக் கிழிக்காமல் மேலே மிதக்கிறது. அதற்கு விலையும் உண்டு: அந்தக் காற்றில் ஸ்டியரிங்கை வெடுக்கென ஒடித்தால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். பத்துக்குக் கீழே இறக்கும் வீரமெல்லாம் இப்போதைக்கு வேண்டாம்.

அதனால் காசை காற்றை அளக்கும் நல்ல பிரஷர் கேஜுக்கும் காற்று நிரப்பும் கம்ப்ரஸருக்கும் செலவழியுங்கள். திரும்பி வரும்போது தார்ச்சாலை ஏறுமுன் காற்றை நிரப்பியே ஆக வேண்டும். ஒரு மண்வெட்டி, இழுக்கும் பட்டை, மேட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பவர் கண்ணில் படும்படி ஒரு கொடிக்கம்பு, தேவைக்கு மேல் தண்ணீர். கூட இன்னொரு வண்டி. தனியாக மட்டும் போகாதீர்கள்.

லிஃப்ட் கிட்டை ஏன் தள்ளிப்போடச் சொல்கிறேன் என்றால், வண்டி உயர உயர அதன் ஈர்ப்பு மையமும் உயரும். மணல்மேட்டின் சரிவில் குறுக்காக ஓட்டித் தடுமாறுவது புதியவர்கள்தான், உருள்வதும் அங்கேதான். போதாததற்கு அமீரகத்தில் இந்த மாதிரி மாற்றங்களுக்கு அனுமதி வாங்க வேண்டும், இல்லையென்றால் வருடாந்திரப் பரிசோதனையில் மாட்டுவீர்கள். முரட்டுப் பற்கள் உள்ள மட் டயரும் மணலுக்கு உதவாது, தோண்டத்தான் செய்யும். இருக்கும் டயர் தேயட்டும், அப்புறம் எல்லாத் தரைக்கும் பொதுவான ஆல் டெரைன் டயர் பார்க்கலாம்.

முன் பம்பரின் அடிப்பிளாஸ்டிக் ஒருநாள் பிய்ந்துவிடும். எனக்கு இரண்டு முறை. மேட்டை விட்டு இறங்கும் இடத்தில் வேகத்தைக் குறைக்கக் கற்றுக்கொண்ட பிறகு மூன்றாவது முறை இல்லை.

ஒன்றை மட்டும் கிளம்புமுன் பார்த்துவிடுங்கள்: முன்னும் பின்னும் இழுப்பதற்கான உறுதியான கொக்கி எங்கே இருக்கிறது என்று. சரியானது இல்லையென்றால் அதைப் பொருத்துங்கள், நான் ஒப்புக்கொள்ளும் ஒரே மாற்றம் அதுதான். டிரெய்லர் மாட்டும் உருண்டையில் பட்டையைக் கட்டி இழுக்க யாரையும் விடாதீர்கள். அது முறிந்தால் குண்டு மாதிரி பாயும்.