ஆத்தோர மோட்டர் களவு போகாம இருக்க என்ன செய்யலாம்?

கந்தப்பளை பக்கம் லீக்ஸும் கோவாவும் போடுற ஒரு அண்ணன் கேட்டிருக்கார்: ஆத்தோரம் பூட்டியிருந்த 2 ஹோர்ஸ் பவர் தண்ணி மோட்டர ராத்திரியோட ராத்திரியா வயரோட கழட்டிட்டு போய்ட்டானுக, இப்ப ஒருத்தன் பாதி வெலைக்கு பழைய மோட்டர் ஒன்னு தாரேங்குறான், வாங்கலாமா, வாங்கினா அத எப்படி காப்பாத்துறது?

அண்ணே, பெரிய பூட்டு போடுறதோட நிறுத்திறாதீங்க. ஆளே இல்லாத ஆத்தோரத்துல கிரைண்டர் சத்தம் யாருக்கு கேக்கப்போவுது? எடுத்தவனுக்கு அத விக்க முடியாம பண்ணணும், அதுதான் வேல.

கம்பெனி தகடு சின்ன ரிவெட்டுல நிக்கிறது, நெம்பினா கையோட வந்துரும். அதுல உள்ள சீரியல் நம்பர போட்டோ எடுத்து வச்சிக்கிட்டு, மெயின ஓஃப் பண்ணிட்டு நம்பர் பஞ்ச்னு சொல்ற, சுத்தியலால அடிச்சு நம்பர் பதிக்கிற இரும்பு அச்சால உங்க அடையாள அட்ட கடைசி நாலு நம்பர மோட்டர் காலுக்கு அடியிலயும் வயர் பெட்டி மூடிக்கு உள் பக்கமும் அடிங்க, வார்ப்பிரும்பா இருந்தா ஓரத்துல ஓங்கி அடிச்சிறாதீங்க வெடிச்சிரும், அதுக்கு என்கிரேவர், அதாவது கீறி எழுதுற மெஷின் நல்லது. களவு போனா உடனே பொலிஸ்ல என்ட்ரி போட்டுட்டு அந்த போட்டோவ நுவரெலியா, ராகலை பக்கம் மோட்டர் கட்டுற கடைகளுக்கும் பழைய இரும்பு எடுக்கிறவங்களுக்கும் அனுப்பிருங்க. லேட்டாக்கக்கூடாது, உள்ள இருக்கிற செப்புக் கம்பிய உரிச்சு உருக்கிட்டா எந்த நம்பரும் மிஞ்சாது.

கூண்டு அடிக்கிறதுன்னா நாலு பக்கமும் காத்து போற மாதிரி கம்பியில அடிங்க. பின்னால ஃபேன் காத்து இழுக்க எடம் இல்லாம தகரப் பெட்டியில அடச்சு வச்சா, கள்ளன் வராமலே வைண்டிங், அதாவது உள்ள சுத்தியிருக்கிற செப்புக் கம்பி எரிஞ்சிரும்.

கம்மி செலவுல நல்லா வேல செய்றது அலாரம் தான். வீட்டுல 12 வோல்ட் ரிலே (கொயில்ல கரண்ட் போறப்ப இழுத்துப் பிடிச்சிருக்கிற சுவிட்ச்) ஒன்னு, பஸர் ஒன்னு, சார்ஜரோட 7 ஆம்பியர் அவர் பெட்டரி ஒன்னு. ரிலே கொயிலுக்கு போற கரண்ட ஒரு மெல்லிசு ரெட்ட வயர்ல மோட்டர் வரைக்கும் கொண்டுபோய் திருப்பி கொண்டு வாங்க, மெயின் வயரோட சேத்து கட்டிருங்க. வெட்டின ஒடனே கரண்ட் நின்னு ரிலே விடும், அப்ப சேர்ற முனையில பஸர குடுத்திருந்தா அது கத்தும். சின்ன ரிலேக்கு 30, 40 மில்லி ஆம்பியர் தான் போகும், அதனால லைட் போனாலும் ஒரு வாரத்துக்கு கிட்ட தாங்கும்.

சில பேர் பன்னிக்கு போடுற மாதிரி 230 வோல்ட்ட சும்மா கம்பியில விட்டு வைக்கிறாங்க. செய்யவே செய்யாதீங்க. கள்ளன் தப்பிச்சிருவான், காலையில தண்ணி எடுக்க போற நம்ம புள்ள தான் அதுல மாட்டும், சட்டப்படியும் குத்தம்.

இப்ப அந்த பாதி வெல மோட்டர். தகடு இல்லாம ரிவெட் ஓட்ட மட்டும் இருக்கா, புது பெயின்டா, வயர் ஸ்க்ரூ கழட்டாம குட்டையா வெட்டியிருக்கா, அடி போல்ட்ல கிரைண்டர் வெட்டு தெரியுதா பாருங்க. இதுல ரெண்டு இருந்தாலே வேணாம்ங்க, களவு சாமான்னு தெரிஞ்சு வாங்கினா வாங்கினவனும் தண்டனைச் சட்டக் கோவைப்படி குற்றவாளி தான். எல்லாம் சரியா இருக்குன்னா கூட, விக்கிறவர் பேர், விலாசம், அடையாள அட்ட நம்பர் போட்டு ஒரு துண்டுல கையெழுத்து கேளுங்க, அதுக்கு பின்வாங்கினா காச குடுக்காதீங்க. அந்த மோட்டர தூக்கிப் பாத்து காலுக்கு அடியில பெயின்ட கொஞ்சம் சுரண்டியும் பாருங்க, வேற யாரோட நம்பராவது இருக்கலாம்.